மழைக்கால வால்பாறையும் கையால் செய்த ஒரு லென்ஸ் ஹூட்டும்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை வால்பாறையில் இறங்கிவிட்டால் கேமராவைப் பீரோவுக்குள் வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். மழை விடட்டும், வானம் தெளியட்டும், அக்டோபர் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு அந்த மலையைப் படமெடுக்கப் பிடித்த காலமே ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான். மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நாளில் அங்கே கிடைக்கிற பச்சை, வெயில் நாளில் எத்தனை மணிக்குப் போய் நின்றாலும் கிடைக்காது. மழை நாளில் வெளிச்சத்தால் படம் கெட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. லென்ஸின் முன்கண்ணாடியில் வந்து உட்காரும் துளியால்தான் கெடுகிறது. அந்தத் துளியைத் தடுக்க நான் செய்துகொண்ட சாமான்கள், அவற்றோடு மலையில் வேலை செய்த விதம், வீட்டுக்கு வந்தபின் ஈரத்தை விரட்டிய விதம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். வேறு யாருக்காவது உதவும்.

முதலில் அந்த வெளிச்சம் ஏன் நல்லது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேயிலை இலை வழவழப்பானது. உச்சி வெயிலில் ஒவ்வொரு இலையும் மேல்பக்கம் வெள்ளையாக மின்னும், செடிக்கும் செடிக்கும் நடுவிலுள்ள பாதை கரிய கோடாகிவிடும். இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிக்க எந்த கேமராவும் திணறும். மேகம் மூடிய நாளில் வானம் முழுக்க ஒரே விளக்காகிவிடுவதால் செடியின் அடித்தண்டு, அதில் ஒட்டிய பாசி, கீழே கிடக்கும் சருகு வரை எல்லாம் தெரியும். பதிலுக்கு நாம் விட்டுக்கொடுப்பது வானத்தை மட்டும்தான். அது வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும். அதை ஃப்ரேமுக்குள் விடவே கூடாது என்று முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சரிவைப் பார்த்து, பள்ளத்தைப் பார்த்து, மரத்தடியைப் பார்த்து எடுக்க வேண்டும். மூடுபனி இறங்கியிருந்தால் மட்டும் இதற்கு விலக்கு. அப்போது வானமும் மலையும் ஒன்றாகி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது.

சரி, ஹூட்டுக்கு, அதாவது லென்ஸின் முன்னால் மாட்டுகிற மறைப்புக் குழாய்க்கு வருவோம். லென்ஸோடு வரும் ஹூட், 24 முதல் 105 மி.மீ. குவியத் தூரம் வரை போகிற ஜூமுக்கெல்லாம் இதழ் இதழாக வெட்டி, மிகக் குட்டையாக இருக்கும். அகலக் கோணத்தில் மூலை மறையக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். மழைக்கு அது போதாது. சாரல் நேராக மேலிருந்து விழுந்தால் தாங்கும், கொஞ்சம் சாய்ந்து அடித்தாலே கண்ணாடி முழுக்கப் பொட்டுப் பொட்டாகிவிடும். இன்னொரு தொல்லை போலரைசர், லென்ஸின் முன்னால் மாட்டி, திருப்பித் திருப்பிப் பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர். மழைக் காட்சிக்கு போலரைசர் இல்லாமல் நான் போகவே மாட்டேன், அதை ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹூட் போட்டிருந்தால் விரல் உள்ளே போகாது. ஹூட்டைக் கழற்றினால் துளி விழும். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி தேடித்தான் சொந்தமாகச் செய்ய உட்கார்ந்தேன்.

பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கிற கறுப்பு ஃபோம் ஷீட், 2 மி.மீ. தடிமன், ஏ4 அளவு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். அதை லென்ஸின் முன்வளையத்தைச் சுற்றி உருளையாகச் சுருட்டி, இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் வெல்க்ரோ ஒட்டினேன். தையல் சாமான் கடையில் அதை அடிக்கணக்கில் தருகிறார்கள். லென்ஸோடு சேரும் பக்கத்தை அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதைவிட வெள்ளைச் சுவரைப் பார்த்து எடுப்பது சுலபம். தாராளமான நீளத்தில் சுருட்டிக்கொண்டு, லென்ஸை 70 மி.மீ.க்குக் கொண்டுபோய், லென்ஸின் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வைத்து, சுவரை எடுத்துப் பார்த்தேன். மூலை கறுத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டி மறுபடி எடுக்க வேண்டும். என் லென்ஸில் 8 செ.மீ. நீளத்துக்கு வந்தபோது மூலை சுத்தமானது. அதே உருளையைப் பின்னுக்கு இழுத்து 50 மி.மீ.க்கு எவ்வளவு நீட்டலாம் என்று பார்த்து, அந்த இடத்தில் வெள்ளைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். 24 மி.மீ.க்கு எந்த ஹூட்டும் உதவாது, அதற்குக் குடைதான்.

அப்புறம், போலரைசரைத் திருப்ப ஒரு ஜன்னல். ஹூட்டின் தரையைப் பார்க்கும் கீழ்ப்பக்கத்தில், போலரைசர் வளையம் வருகிற இடத்துக்கு நேராக, 3 செ.மீ.க்கு 2 செ.மீ. அளவில் ஒரு சின்னச் செவ்வகத் துளை வெட்டினேன். ஆள்காட்டி விரல் அதன் வழியாக நுழைந்து வளையத்தைத் தொடும். ஒருமுறை தள்ளினால் கால் சுற்று திரும்பும். கீழ்ப்பக்கம் என்பதால் மழை உள்ளே வராது, ஹூட்டுக்குள் ஏறிய தண்ணீர் வழிந்து போகவும் அதுவே வழியாகிவிட்டது. இதற்காகத் தனியாக நான் எதுவும் யோசிக்கவில்லை, அதுவாக அமைந்த வசதி. ஃபோமின் உள்பக்கம் நனைந்தால் பளபளக்கும், அந்தப் பளபளப்பு கண்ணாடியில் மங்கலாகத் தெரியும். அதனால் அவ்வப்போது உள்பக்கத்தையும் துடைக்க வேண்டியிருக்கிறது.

கேமராவின் உடலுக்கு உறை வேண்டுமே என்று கடையில் விற்கும் ரெயின் கவர்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பட்டுச் சேலை வைத்துத் தருகிற தடித்த கண்ணாடிக் கவர் அதே வேலையைச் செய்கிறது. மூடிய பக்கத்தின் நடுவில், ஃபோம் ஹூட்டைவிடக் கொஞ்சம் சிறிய வட்டமாக ஓட்டை வெட்டி, ஹூட்டை அதன் வழியே வெளியே தள்ளி, மேலே ரப்பர் பேண்ட் போட வேண்டும். கவரின் வாயைக் கீழ்நோக்கித் தொங்க விட்டால் கை கீழிருந்து நுழையும், திரை தெளிவாகத் தெரியும், பொத்தான்களைக் கவரோடு சேர்த்தே அழுத்தலாம். வாயை இறுக்கிக் கட்டக் கூடாது. நம் கைச்சூடும் மூச்சும் உள்ளேயே நின்று கவரின் உள்பக்கம் வியர்த்து, வெளி மழையைவிட உள் ஈரம் அதிகமாகிவிடும். கேமரா உடல் ஈரத்தைத் தாங்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், லென்ஸும் அதே மாதிரி சீல் போட்டதாக இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். அதிலும் முன்னும் பின்னும் நீளுகிற ஜூம், ஒவ்வொரு இழுப்புக்கும் ஈரக் காற்றை உள்ளே வாங்கும். மழையில் ஜூமை மெதுவாக, குறைவாகத் திருப்புவது என் வழக்கம். லென்ஸ் மாற்றுவது காருக்குள் மட்டும். பிளாஸ்டிக் கவரைக் காட்டுக்குள் விட்டுவிட்டு வராமல் எண்ணி எடுத்துப்போய் எண்ணி எடுத்துவாருங்கள். புலிகள் காப்பகத்தின் நடுவே போகிற சாலை அது.

துணி விஷயம் இன்னும் முக்கியம். கண்ணாடிக்கு மைக்ரோஃபைபர், உடலுக்குப் பழைய வேட்டித் துணி. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டி உறிஞ்சுகிற அளவுக்கு எந்த விலை உயர்ந்த துணியும் உறிஞ்சாது. மைக்ரோஃபைபரைத் துண்டு துண்டாகத் தனித்தனி ஜிப் பைகளில் போட்டு சட்டையின் உள்பையில் வைத்திருப்பேன். ஒன்று நனைந்துவிட்டால் அதைத் திரும்பத் தொடுவதில்லை, ஏனென்றால் ஈரத்துணி துளியைத் துடைக்காது, படலமாகப் பூசும். முதலில் ரப்பர் புளோயரால் ஊதித் துளிகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. போலரைசருக்கும் லென்ஸுக்கும் நடுவே ஈரம் புகுந்திருந்தால் வெளியே எவ்வளவு துடைத்தாலும் படம் புகைமூட்டமாகவே இருக்கும். அப்போது ஃபில்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவும் தயாரான பிறகு கிளம்பினது பற்றி. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கி.மீ., ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏசியை ஆழியாருக்கு முன்பே நிறுத்திவிடுவேன். கேமரா ஏசிக் காற்றில் குளிர்ந்து கிடந்தால், வெளியே எடுத்த நொடியில் கண்ணாடி முழுக்க ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும், அது சூடேறும்வரை ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு, கேமராப் பையின் ஜிப்பைத் திறந்து விட்டு ஏறினால், மேலே போவதற்குள் அதுவும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும்.

9ஆவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை. மழைக்காலத்தில் பல நாள் இங்கே தூறல்கூட இருக்காது. கீழே ஆழியார் அணை பளிச்சென்று தெரியும். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் அட்டகட்டிப் பக்கத்து முகட்டில் மேகம் நின்றுகொண்டிருக்கும். மேற்கிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையின் அந்தப் பக்கத்திலேயே பெரும்பாலான மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி வழியும்போது கிழக்குச் சரிவில் கரைந்துபோகிறது. எல்லோரும் அணையைப் பார்த்து நிற்பார்கள். நான் திரும்பி நின்று, 200 மி.மீ. லென்ஸைப் போட்டு அந்த வழிகிற மேகத்தை எடுப்பேன். பாறையில் வரையாடு நின்றால் அது கூடுதல் வரவு. அவற்றுக்கு எதையும் தின்னக் கொடுக்காதீர்கள், கிட்டேயும் போகாதீர்கள்.

அட்டகட்டி தாண்டி ஐயர்பாடி வந்ததும் மழை. இங்கே நான் கற்றுக்கொண்ட முதல் ஒழுங்கு, காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்பது. தென்மேற்குப் பருவத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அதனால் கிழக்கைப் பார்த்த சரிவாகத் தேர்ந்தெடுத்தால், மழை என் முதுகில் அடிக்கும், லென்ஸ் என் நிழலில் இருக்கும். மேற்கைப் பார்த்த காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் மழை நிற்கும்வரை அதைத் தொடுவதில்லை. பள்ளத்தாக்குக்குள் காற்று சுழலும், அந்த இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே லென்ஸைத் தரையைப் பார்க்கச் சாய்த்துவிட வேண்டும், இது பழக்கமாகவே ஆகிவிட வேண்டும்.

குடையை டிரைபாடில் கட்டும் கிளாம்ப் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன். காற்று குடையைப் பிடித்து இழுக்க, டிரைபாடும் சேர்ந்து ஆடியது. அரை நொடி எக்ஸ்போஷரெல்லாம் அந்த ஆட்டத்தில் நடக்காது. இப்போது குடைக்கம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறேன், டிரைபாடைத் தொடாமல். குடை கறுப்பாக இருந்தால் நல்லது. சிவப்பு, நீலக் குடைகளின் நிறம் கிட்டத்தில் உள்ள பெரணி இலைமேல் விழும், மேகமூட்ட வெளிச்சத்தில் அது படத்தில் தெரியவே தெரியும்.

தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கினபோது நான் தேடுவது சில்வர் ஓக் மரங்களை. தேயிலைக்கு நிழல் தர வரிசை வரிசையாக நட்டிருப்பார்கள், நேரான சாம்பல் தண்டு. பனிக்குள் முதல் மரம் கறுப்பாக, இரண்டாவது சாம்பலாக, மூன்றாவது இன்னும் வெளிறி, நான்காவது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்கும். அந்தப் படிப்படியான மங்கல்தான் படத்துக்கு ஆழம் தருகிறது. நூறு மி.மீ.க்கு மேல் உள்ள லென்ஸ் அந்த வரிசையை நெருக்கிக் காட்டும். ஆட்டோஃபோகஸ் இந்த வெளிறலில் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலையும். முதல் மரத்தின் தண்டு ஓரத்தில் புள்ளியை வைத்துப் பிடிக்கவைத்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். மீட்டர் பனியைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று ஏமாறும், அழுக்குச் சாம்பலாக எடுத்துத் தரும். ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்), சில சமயம் அதற்கும் மேல் கூட்டி, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு வலப்பக்கமாகச் சாய்ந்து, ஆனால் சுவரில் முட்டாமல் நிற்கும்படி வைப்பேன். நிறச் சமநிலையை, அதாவது ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் பச்சை மாறும். 6000 கெல்வினில் நிறுத்திவிட்டு, கேமரா திருத்தாத ரா ஃபைலாக எடுக்கிறேன். கொஞ்சம் குளிர்ந்த சாயலோடு இருந்தால்தான் அது மழை நாள். அதைச் சூடாக்கி மஞ்சள் பூசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சாலையோரத்தில் நின்றுதான் இதெல்லாம். தோட்டம் தனியார் இடம், கேட்காமல் உள்ளே இறங்குவது சரியல்ல. இன்னொரு காரணமும் உண்டு. வளைவு ஒன்றில் டிரைபாடை விரித்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த அம்மா ஒருவர் நின்று சொன்னார்: "தம்பி, அந்தத் தைலமரக் காட்டுப் பக்கம் போயிராதீங்க. காலையில குட்டியோட நின்னுச்சு. பனிக்குள்ள நிக்குறது தெரியாது." சரிங்கம்மா என்று சொல்லிவிட்டுச் சாமானைச் சுருட்டிக் கார் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத பனியில் யானை நின்றாலும் நமக்குத் தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்கள் போகாதே என்றால் போகக் கூடாது, படம் இன்னொரு நாள் கிடைக்கும்.

போலரைசரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பலர் இதை நீல வானத்துக்கு மட்டும் என்று நினைத்து மழை நாளில் வீட்டிலேயே விட்டுவருகிறார்கள். மேகமூட்ட வானத்தில் அது எந்த மாற்றமும் செய்யாதுதான். ஆனால் நனைந்த இலைமேல் வானத்தின் வெண்மை பிரதிபலிக்கிறதே, அந்தப் பூச்சை அது எடுத்துவிடும். தண்ணீர்ப் பரப்பில் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 53 டிகிரி சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி முழுக்க ஒரே தளத்தில் அதிர்வது, போலரைசர் அதை அப்படியே மறித்துவிடும். நாம் நிற்கிற இடத்திலிருந்து நனைந்த பரப்பைத் தரைமட்டத்திலிருந்து 37 டிகிரி வாக்கில் குனிந்து பார்க்கிற மாதிரி இருந்தால் பலன் உச்சம். வால்பாறைச் சாலையிலிருந்து கீழ்ச்சரிவுத் தேயிலையைப் பார்க்கிற சாய்வு பல இடங்களில் இதற்குப் பக்கத்தில்தான் வரும். ஹூட் ஜன்னல் வழியாக விரலை விட்டு வளையத்தைத் திருப்பத் திருப்ப, இலைமேலிருந்த வெள்ளைப் பூச்சு கரைந்து அடியிலுள்ள பச்சை எழும்பி வருவதை வியூஃபைண்டரில் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. முழுக்க எடுத்துவிடவும் கூடாது. பூச்சு மொத்தமாகப் போனால் இலை நனைந்ததாகவே தெரியாது, உயிரில்லாமல் இருக்கும். உச்சத்துக்குப் போய்விட்டுக் கொஞ்சம் திரும்பி வருவேன்.

தைல மரத்தின் பட்டைக்கும் இதே வைத்தியம். காய்ந்த நாளில் வெளிறிய சாம்பலாக நிற்கும் தண்டு, நனைந்துவிட்டால் பழுப்பு, செம்பு, ஆலிவ் பச்சை என்று நாடா நாடாகக் காட்டும். போலரைசர் போட்டு, தண்டின் ஓர் ஆள் உயரப் பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.

கூழாங்கல் ஆற்றில் மழை கொஞ்சம் ஓய்ந்த சமயம். பெயருக்கு ஏற்ற மாதிரி படுகை முழுக்க உருண்டைக் கல். மேகமூட்ட நாளில் தண்ணீரின் மேல் வானம் பால் மாதிரி படிந்து ஒன்றும் தெரியாது. போலரைசரைத் திருப்பியதும் மேல்தோல் விலகி, அடியில் சாம்பல், செம்மண், கறுப்பு என்று கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். எக்ஸ்போஷர் கணக்கும் தோதாக வரும். அடர்ந்த மேகத்தில், மரத்தடிக் கரையில், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப் 11 வைத்தால் 1/8 நொடி கேட்கும். போலரைசர் ஒன்றரை ஸ்டாப் தின்றதும் ஏறக்குறைய 1/3 நொடி ஆகிவிடும். தண்ணீர் கொஞ்சம் இழைந்து, ஆனால் ஓட்டத்தின் கோடு தெரிகிற அளவு அது. வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் எதுவும் தேவையில்லை. அதே ஃப்ரேமில் கரையோரப் புல் ஆடினால் அதற்குத் தனியாக எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 1000, 1/125 நொடி என்று இன்னொன்று எடுத்து வைத்துக்கொள்வேன், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மேல்பக்கம் பெருமழை பெய்தால் இந்த ஆற்றில் தண்ணீர் சடாரென்று ஏறும். இந்தப் பக்கத்து ஆறுகளில் இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால் உடனே கரையேறுங்கள். நான் கல்லின் மேல்கூட நிற்பதில்லை, கரையிலிருந்து லென்ஸை நீட்டிக்கொள்கிறேன்.

மழையையே படத்தில் காட்ட வேண்டுமென்றால் பின்னணி கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளை வானத்துக்கு முன்னால் மழை தெரியாது. சோலைக் காட்டின் இருண்ட ஓரம், நனைந்த பாறைச் சுவர், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டின் திறந்த கதவு இவற்றுக்கு முன்னால்தான் தெரியும். பெரிய துளி நொடிக்கு 9 மீட்டர் வரை வேகத்தில் விழும். 1/60 நொடியில் அது 15 செ.மீ. கோடாகும், 1/1000 நொடியில் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அடைமழை என்று தோன்றவைப்பது அந்த நீளக்கோடுதான், ஆகவே 1/60 பக்கத்திலேயே நிற்கிறேன். தூறல் மெதுவாக விழுவதால் இன்னும் கீழே, 1/15 வரை இறங்கலாம். கண்ணாடியில் துளி விழுந்திருக்கிறதா என்று இப்போதும் ஒவ்வொரு படத்துக்கும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அகலக் கோணத்தில் எஃப் 16 வைத்தால் துளி கண்ணாடிக் குண்டு மாதிரி உருவம் காட்டும், கண்டுபிடித்துவிடலாம். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் துளையை அகலத் திறந்து எடுத்தால் அது வெறும் மங்கலாகப் பரவும், சின்னத் திரையில் தெரியாது, வீட்டுக்கு வந்துதான் தெரியும். அதனால் டெலியில் துடைப்பது இரண்டு மடங்கு.

அட்டைப் பூச்சி பற்றி ஒரு வரி. அட்டைக் காலுறை போட்டு, அதன்மேல் கொஞ்சம் வேப்பெண்ணெய் தேய்த்தால் போதும். கடித்துவிட்டால் நகத்தால் ஓரமாக நெம்பி எடுங்கள், தீக்குச்சி வேண்டாம். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட ஒன்றுமில்லை.

இனி வீட்டு வேலை. எனக்கு இதுதான் பயணத்தில் பாதி. ஈரமான பையை மூடியபடியே ஓர் இரவு விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் லென்ஸுக்குள் பூஞ்சை இழை ஓட ஆரம்பித்துவிடும். முதலில் பேட்டரி, கார்டு இரண்டையும் எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, வேட்டித் துணியால் மூட்டு மூட்டாக ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் துண்டின்மேல் வைத்துவிடுவேன். ஹேர் டிரையர் கூடாது, சூடு பசையையும் எண்ணெயையும் இளக்கும். அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பதும் வேண்டாம். மாவுத் தூசி ஒவ்வொரு இடுக்கிலும் புகும், அதைவிட சிலிக்கா ஜெல் பலமடங்கு நன்றாக உறிஞ்சும். டிரைபாட் காலை ஒவ்வொரு பகுதியாக உருவி, மணலைக் கழுவி, தலைகீழாகச் சாய்த்துவிட வேண்டும். பையைத் துவைக்கக்கூட வேண்டாம், எல்லா ஜிப்பையும் திறந்து கவிழ்த்துப் போட்டால் போதும்.

காய்ந்த பிறகு உலர்பெட்டிக்குள். மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினெட் வாங்க வசதி இருந்தால் வாங்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நான் மூடியில் ரப்பர் வளையம் உள்ள பெரிய சமையல் டப்பாவை எடுத்து, அடியில் சிலிக்கா ஜெல், அதன்மேல் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் லென்ஸ்கள், ஓரத்தில் ஒரு டிஜிட்டல் ஈரமானி என்று அமைத்தேன். உள்ளே 40 முதல் 50 விழுக்காடு ஈரம் இருக்க வேண்டும். 70 தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 30க்குக் கீழே நெடுநாள் போனால் ரப்பரும் மசகும் காயும். ஆகவே ஜெல்லை அள்ளிக் கொட்டாமல், மானியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினேன்.

மலிவான ஈரமானிகள் ஐந்து விழுக்காடு தள்ளிக் காட்டுவதெல்லாம் சாதாரணம். அதைச் சோதிக்க நல்ல வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டு, கரையாமல் ஈர மணல் பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மானியையும் ஒரே ஜிப் பைக்குள் போட்டு, உப்பு மானியைத் தொடாமல் மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஈர உப்புக்கு மேல் நிற்கும் காற்றின் ஈரம் 75 விழுக்காட்டில் நிலைத்துவிடும், வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெப்பத்தில் அது பெரிதாக மாறாது. என் மானி 79 காட்டியது. பெட்டிக்குள் அது 50 காட்டினால் உண்மை 46 வாக்கில் என்று எடுத்துக்கொள்கிறேன். மூடியின் மேல் பேனாவால் "நான்கு கழி" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தது வாங்கினேன். ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதைக் கையாள எனக்கு மனமில்லை. நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய வாணலியில் பரப்பி, ஜன்னலைத் திறந்து வைத்து, மிகச் சிறு தீயில் மறுபடி ஆரஞ்சாகும்வரை கிளறுகிறேன். அடுப்புப் பெட்டி (ஓவன்) இருப்பவர்கள் 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் போதும். தீ கூடினால் நிறக்காட்டி கருகிவிடும், பிறகு அது ஈரத்தைக் குடித்தாலும் நமக்குச் சொல்லாது. சூடு முழுக்க ஆறும்வரை மூடிய பாட்டிலில் வைத்துவிட்டுத்தான் டப்பாவுக்குள் போட வேண்டும்.

படங்களைத் திருத்தும்போது, பனிமூட்டத்தை நீக்கும் டீஹேஸ் பக்கம் கையைக் கொண்டுபோவதில்லை. பனியை எடுக்கவா அவ்வளவு தூரம் போனோம். ஒளி அளவை மாற்றும் கர்வ் கோட்டில் கறுப்பைக் கொஞ்சம் இறக்கி, பச்சையின் செறிவைக் குறைத்து, மஞ்சள் சாயலைச் சற்று விலக்கினால் முடிந்தது. மேகமூட்ட வெளிச்சத்தில் பச்சை தானாகவே அடர்த்தியாக இருக்கும், அதற்கு மேல் கூட்டினால் வர்ணம் அடித்த மாதிரி ஆகிவிடும்.

ஃபோம் ஹூட் ஒரு பருவம் தாங்குகிறது, அதன்பின் வெல்க்ரோ பிடிப்பு விட்டு ஓரம் சுருள்கிறது. அடுத்ததை 3 மி.மீ. ஷீட்டில் செய்து, ஜன்னலை விரல் நுனிக்குப் பதில் இரண்டு விரல் போகிற அளவுக்கு அகலமாக வெட்டப்போகிறேன். கை விறைத்துப்போன குளிரில் ஒரு விரலால் வளையம் நகர மறுக்கிறது. நீளத்தில் மாற்றமில்லை, 70 மி.மீ.க்கு 8 செ.மீ.